தண்ணீரை ஒட்டிப் பறக்கும் படகை வீட்டிலேயே கட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் என்ஜினைத் தேடுகிறார்கள், அடுத்து படகின் உடலைக் கட்டுகிறார்கள், இறக்கையை ஒட்டிய பிறகுதான் எடை மையம் எங்கே இருக்க வேண்டும் என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். இந்த வாகனத்தில் ஆளைக் கொல்வது சமநிலைக் கோளாறு. அதை இரண்டரைக் கிலோ மாதிரி ஒன்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அளவு பிடிபட வேண்டும். கீழே வருகிற எண்கள் எல்லாம் ஒருவர் மட்டும் உட்காரும், மொத்தம் 320 கிலோ எடையுள்ள படகுக்கானவை. படகுடல் 75, இறக்கை 55, வால் 18, என்ஜினும் ப்ரொப்பெல்லரும் அதைத் தாங்கும் தூணும் 62, எரிபொருள் 15, கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மற்ற சாமான்களும் 20, ஓட்டுபவர் 75. இறக்கையின் மொத்த வீச்சு 6 மீட்டர். நடுவில் அகலம் 3.6 மீட்டர், நுனியில் 1 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர் வரும். இந்த எடைக்கும் பரப்புக்கும் மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரை விட்டு எழும், 90இல் நிதானமாக ஓடும்.

இறக்கை தண்ணீரை நெருங்கும்போது, அதன் நுனிகளைச் சுற்றிச் சுருளும் காற்றான நுனிச் சுழல்கள் முழுதாக உருவாக இடமில்லாமல் போகிறது. தூக்குவிசைக்கு விலையாகக் கொடுக்கும் இழுவை அதனால் குறைகிறது. இந்த லாபம் இறக்கை வீச்சைப் பொறுத்தது. 6 மீட்டர் வீச்சுள்ள இறக்கை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த இழுவை ஏறக்குறைய 40 சதவீதமாக இறங்கிவிடும். 60 சென்டிமீட்டரில் 70 சதவீதம். ஒன்றரை மீட்டரில் 94 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட லாபமே இல்லை. 'கொஞ்சம் உயரமாகப் போனால் பாதுகாப்பு' என்ற விமானப் பழக்கம் இங்கே செல்லாது. உயரம் கூடக் கூட நீங்கள் குட்டை இறக்கையும் சிறிய என்ஜினும் உள்ள ஒரு மோசமான விமானத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி சமநிலை. சாதாரண விமானத்தில் இறக்கைக்கு ஒரே ஒரு மையத்தைக் கவனித்தால் போதும். இங்கே இரண்டு இருக்கின்றன. மூக்கு ஒரு டிகிரி ஏறினால் கூடும் தூக்குவிசை ஓரிடத்தில் செயல்படும். அதைக் கோண மையம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் கூடும் தூக்குவிசை வேறோர் இடத்தில் செயல்படும். அது உயர மையம். உயர மையம் முன்னாலும் கோண மையம் பின்னாலும் இருக்க வேண்டும், எடை மையம் இரண்டுக்கும் நடுவில், உயர மையத்துக்கு மிக அருகில் அமைய வேண்டும். அப்போதுதான் படகு சற்று மேலே போனால் எடை மையத்துக்கு முன்னால் தூக்குவிசை குறையும், மூக்கு தானாகத் தாழும், படகு பழைய உயரத்துக்குத் திரும்பும்.

சாதாரண செவ்வக இறக்கையில் இது தலைகீழாக இருக்கிறது. கோண மையம் முன்விளிம்பிலிருந்து கால் பங்கில் இருக்கும். தண்ணீருக்கு அருகில் வந்ததும் இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் காற்று அமுங்குவதால் உயர மையம் கிட்டத்தட்ட பாதி அகலத்துக்குப் போய்விடும். கிளைடர் இறக்கையை எடுத்துப் படகில் பொருத்தியவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு இதுதான் விடை. அலையோ காற்றோ ஒரு முறை தூக்கிவிட்டால் மூக்கு மேலும் மேலும் நிமிர்ந்து படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். 1967இல் டொனால்ட் கேம்பலின் ப்ளூபர்ட் வேகப்படகு மூக்கைத் தூக்கிப் புரண்டதும் காற்றின் இதே போன்ற பிடியில்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ருஷ்யாவில் அலெக்ஸேயேவ் வடிவமைத்த, 1966இல் பறந்த பிரம்மாண்டமான 'கேஎம்' எக்ரானோபிளானில் (இவ்வகை வாகனத்துக்கு ருஷ்யப் பெயர்) செவ்வகத்தை ஒத்த இறக்கையை வைத்துக்கொண்டு, பிரம்மாண்டமான வாலை நீர்மட்டத்திலிருந்து மிக உயரத்தில் பொருத்தினார்கள். அவ்வளவு உயரத்தில் உள்ள வாலுக்குத் தண்ணீரின் அருகாமை தெரியாது. அதனால் அது உயர மையத்தைத் தொடாமல் கோண மையத்தை மட்டும் பின்னுக்கு இழுக்கும். இரண்டாவது, ஜெர்மானிய விமான வடிவமைப்பாளரான லிப்பிஷின் வழி. முன்விளிம்பு நேராக, பின்விளிம்பு நுனியை நோக்கி முன்னால் சாய்ந்த தலைகீழ் முக்கோண இறக்கை, இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இறங்கி நிற்கும். அவருடைய எக்ஸ்-113 1970இல் பறந்தது. இந்த வடிவத்துக்கு வால் அவ்வளவு பெரிதாக வேண்டாம், இரண்டு மையங்களும் நல்ல வரிசையில் நிற்கும். தனியாள் கட்டுவதற்கு லிப்பிஷ் வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன இறக்கை அளவுகளும் அந்த வடிவத்துக்கே. அதற்கு 3.5 சதுர மீட்டர் கிடைமட்ட வாலை, எடை மையத்திலிருந்து 3.6 மீட்டர் பின்னால், செங்குத்து வாலின் உச்சியில் வையுங்கள்.

இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும். அடியிலும் வயிறு தள்ளிய விமான இறக்கை தண்ணீரை ஒட்டி, சிறிய கோணத்தில் ஓடும்போது இறக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று வேகமெடுத்துக் கீழ்நோக்கி உறிஞ்சும். பின்விளிம்பை லேசாக மேல்நோக்கி வளைத்தால் உயர மையம் இன்னும் முன்னால் வரும்.

இப்போது மாதிரி. ஐந்தில் ஒரு பங்கு அளவில், 1.2 மீட்டர் வீச்சில், ரேடியோ கட்டுப்பாட்டுடன் கட்டுங்கள். எடை ஐந்தின் கன மடங்கில் குறைய வேண்டும். 320ஐ 125ஆல் வகுத்தால் 2.56 கிலோ. வேகம் ஐந்தின் வர்க்கமூல அளவில் குறையும். அதாவது மணிக்கு 30 கிலோமீட்டரில் அது எழ வேண்டும். மாதிரியை லேசாகக் கட்டி 'பிரமாதமாகப் பறக்கிறது' என்று திருப்திப்பட்டால் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை என்று பொருள். எடை குறைவாக இருந்தால் ஈயம் வைத்து 2.56க்குக் கொண்டு வாருங்கள்.

எடை மையத்தை முன்னால் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 5 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் மூன்று கேள்விகள். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) தொடாமல் உள்ளங்கை அகல உயரத்தில் 100 மீட்டர் ஓடுகிறதா? 60 சென்டிமீட்டர் வரை ஏற்றிக் கையை விட்டால் மூக்கு தாழ்ந்து இறங்குகிறதா, நிமிர்கிறதா? த்ராட்டிலைத் திடீரென மூடினால் என்ன செய்கிறது? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்ஜின் தூணின் மேல் உயரத்தில் இருப்பதால் உந்துவிசை எப்போதும் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். த்ராட்டிலை மூடிய அந்த நொடியே அழுத்தம் போய் மூக்கு நிமிரும். பயந்துபோய் த்ராட்டிலை மூடுபவர் புரள்வது இப்படித்தான். இரண்டாவது அல்லது மூன்றாவது சோதனையில் மாதிரி நிமிர்ந்தால் எடை மையத்தை முன்னால் கொண்டுவர வேண்டும், அல்லது வாலைப் பெரிதாக்க வேண்டும். பெரிய படகை ஆரம்பிப்பதற்கு முன் இது தீர்ந்தாக வேண்டும். மாதிரியில் 5 மில்லிமீட்டர் என்பது பெரிய படகில் 25 மில்லிமீட்டர். எரிபொருள் டேங்க்கை எடை மையத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ வைக்க வேண்டியதும் இதனால்தான்.

என்ஜின் எவ்வளவு பெரிதாக வேண்டும்? பறப்பதற்குத் தேவையானதைவிட, தண்ணீரிலிருந்து வெளியே வருவதற்கு அதிகம் வேண்டும். எழும் வேகத்தில் பாதியை எட்டுவதற்குச் சற்று முன்பு, மணிக்கு 27 முதல் 34 கிலோமீட்டருக்குள், படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயலும். அங்கே நீரின் இழுவை மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம், அதாவது 64 முதல் 80 கிலோ. 50 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், 2.58க்கு 1 என்ற குறைப்பு கியர், 1.6 மீட்டர் ப்ரொப்பெல்லர் இருந்தால் நின்ற இடத்தில் 120 முதல் 140 கிலோ உந்துவிசை கிடைக்கும். அந்த மேட்டைத் தாண்டிய பிறகு தேவை சடாரென்று குறையும். இந்த மிச்சத்தை நம்பி எடையைக் கூட்டாதீர்கள். எடை கூடிக்கொண்டே போனால் அந்த மேட்டிலேயே படகு மாட்டிக்கொண்டு, முழு த்ராட்டிலில் நீரைக் கிழித்துக்கொண்டு நிற்கும்.

படகுடல் 5.2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். அடிப்பலகைகள் ஏராவிலிருந்து (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் விளிம்பிலிருந்து) பக்கங்களுக்கு 15 முதல் 18 டிகிரி ஏற வேண்டும். 4 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறை போதும். விளிம்புகளில் 10-15 சென்டிமீட்டருக்கு ஒரு துளையிட்டுச் செம்புக் கம்பியால் முறுக்கி இழுங்கள். உள்மூலையில் எபாக்சியும் சிலிக்கா தூளும் குழைத்த பசையை 20-25 மில்லிமீட்டர் ஆரத்தில் வழித்து, அதன்மேல் 75 மில்லிமீட்டர் கண்ணாடியிழை நாடாவை ஒட்டுங்கள். வெளிப்பக்கம் முழுவதும் சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி. எபாக்சியை எடை பார்த்துக் கலக்குங்கள், கண்மட்டம் கூடாது. ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்தால் தானாகச் சூடேறிப் புகையும். காய்ந்த பூச்சின்மேல் மெழுகுபோல ஒரு படலம் வந்தால் வெறும் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. மிதவைக்காக உள்ளே ஃபோம் வைத்திருந்தால் பக்கத்தில் பாலியெஸ்டர் ரெசினைக் கொண்டுவராதீர்கள், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.

படகின் அடி குறுக்காக வெட்டியதுபோல் சட்டென்று மேலேறும் இடமான படி தனிக் கவனம் கேட்கும். எடை மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு, அதிலிருந்து 12 டிகிரி பின்னால் சாய்த்து இன்னொரு கோடு போடுங்கள். அது ஏராவைத் தொடும் இடத்தில் படி. எடை மையம் ஏராவுக்கு 70 சென்டிமீட்டர் மேலே இருந்தால் படி 15 சென்டிமீட்டர் பின்னால் வரும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். அதற்குப் பின்னுள்ள அடிப்பகுதி 7-8 டிகிரி மேல்நோக்கி ஏற வேண்டும். படி மிகவும் பின்னால் போனால் மூக்கை உயர்த்த முடியாது. முன்னால் வந்தால் படகு ஓடும்போதே குதிக்கும். படியின் விளிம்பு கத்திபோல இருக்க வேண்டும். அழகுக்காக உப்புத்தாளால் அதை உருட்டிவிட்டாலோ, மிச்சப் பசை அங்கே வழிந்து வளைவாகக் காய்ந்துவிட்டாலோ, தண்ணீர் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு பின்னடியில் ஒட்டிக்கொள்ளும். மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் படகு எழாமல் போவதற்கு இந்த 3 மில்லிமீட்டர் வளைவு போதும். படிக்குப் பின்னால் காற்று நுழைய இரண்டு 25 மில்லிமீட்டர் குழாய்களையும் மேல்தளத்திலிருந்து இறக்குங்கள்.

படகுடலைக் குறைந்தது நான்கு நீர்புகா அறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வடிகால் மூடி வையுங்கள். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடும் இடத்தில் அரிப்புத் தடுப்புப் பசை இல்லாமல் இறுக்காதீர்கள். ப்ரொப்பெல்லரின் முன்விளிம்பை நீர்த்துளிகளே அரித்துத் தின்னும், அதற்கான நாடாவை ஒட்டி அடிக்கடி மாற்றுங்கள்.

ஓட்டுவதில் முதல் சிக்கல் குதித்தல். மேட்டைத் தாண்டி வழுக்கி ஓடும்போது மூக்கு ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் பெரிதாகும். அதைத் துரத்திப் பிடிக்கக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் நீங்களே அதை வளர்த்துவிடுவீர்கள். ஸ்டிக்கை (எலிவேட்டரை இயக்கும் கைப்பிடியை) பின்னால் பிடித்தபடி த்ராட்டிலை மூடி, படகைத் தண்ணீரில் அமரவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதைத் தண்ணீரில் ஓடும்போது மட்டும் செய்ய வேண்டும். பறக்கும்போது த்ராட்டிலை மூடினால் மூக்கு நிமிரும் என்பதால் அப்போது ஸ்டிக்கைச் சற்று முன்னால் தள்ளியபடி மெல்லக் குறைக்க வேண்டும்.

அடுத்தது திருப்பம். மணிக்கு 90 கிலோமீட்டரில் 5 டிகிரி சாய்ந்தால் உள்பக்க நுனி 26 சென்டிமீட்டர் கீழே போய்விடும், திரும்பும் ஆரமோ 700 மீட்டரைத் தாண்டும். ஆகவே எதிரே படகைக் கண்டபின் திரும்பிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். வேகத்தைக் குறைத்துத் தண்ணீரில் உட்காருவதுதான் உங்கள் பிரேக். கடலில் மோதலைத் தடுக்கும் சர்வதேச விதிகளும் இத்தகைய வாகனம் எழும்போதும் இறங்கும்போதும் பறக்கும்போதும் மற்ற எல்லாக் கலங்களையும் விட்டு விலகியே போக வேண்டும் என்கின்றன.

முதல் ஓட்டங்களுக்கு 5-10 சென்டிமீட்டர் சிற்றலை உள்ள நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடிபோல அசையாத நீர் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதன்மேல் உயரம் கண்ணுக்குத் தெரியாது, அடியும் நீரில் ஒட்டிக்கொள்ளும். 30 சென்டிமீட்டருக்கு மேல் அலை இருந்தால் வெளியே எடுக்காதீர்கள். ஹெல்மெட் அணிந்திருக்க வேண்டும், என்ஜினை அணைக்கும் கயிறு உடலில் கட்டியிருக்க வேண்டும், துணைக்கு ஒரு படகு பக்கத்தில் நிற்க வேண்டும். மிதவை அங்கி ஃபோமால் ஆனதோ கையால் இழுத்து ஊதுவதோ மட்டுமே. தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் வகையை மூடிய காக்பிட்டில் போட்டால், கவிழ்ந்த படகுக்குள்ளேயே அது உங்களை மேலே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.