ராணுவ கார்பைன் பேரலும் கடையில் விற்கும் பேரலும் ஒன்றுதானா?

பாளையங்கோட்டையில் என்.சி.சி.யில் இருக்கும் தம்பி கேட்டது: அமெரிக்க ராணுவத்தின் எம்4 கார்பைனும் (நீளம் குறைந்த ரைஃபிள்) அங்கே பொதுமக்கள் வாங்கும் ஏஆர்-15 ரைஃபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கே, பேரலில், அதாவது குண்டு பாயும் குழலில், என்ன வித்தியாசம்?

தம்பி, முதலில் நீளம். எம்4 பேரல் 14.5 அங்குலம். பொதுமக்களுக்கான ரைஃபிளில் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அந்நாட்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேணும். அதனால் கடைச்சரக்கு பெரும்பாலும் 16. எம்4 பேரலின் முன்பக்கம் ஒடுங்கியிருப்பது எம்203 கிரனேட் லாஞ்சரைப் பொருத்த. லாஞ்சரே மாட்டாத சில கடைப் பேரல்களிலும் அந்த வெட்டு இருக்கும், வெறும் தோற்றத்துக்குத்தான்.

உள்ளே இருப்பதுதான் முக்கியம். எம்4-இல் குண்டு 7 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றும். நீளமான டிரேசர் குண்டு (போகும் பாதை தெரிய ஒளிவிட்டுப் பறப்பது) பம்பரம் போல நிலையாகப் பறக்க அந்த வேகம் தேவை. கடைப் பேரல்களில் 8, 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதும் உண்டு. தொடர்ந்து சுடும் சூட்டையும் துருவையும் தாங்க ராணுவப் பேரலின் உட்புறத்தில் குரோம் பூசுவார்கள். குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் பலர் பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் பேரலை விரும்புவார்கள்; பூச்சு சீராக அமையாவிட்டால் துல்லியம் குறையும்.

ஒன்றை மட்டும் கவனமாக மனசில் வை. .223 ரெமிங்டன் என்ற தோட்டாவுக்கான அறையில் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) ராணுவத்தின் 5.56 நேட்டோ தோட்டாவும் நுழையும். ஆனால் அந்த அறையில் ரைஃபிளிங் (குண்டைச் சுழற்றும் திருகு வரிகள்) தொடங்கும் இடம் குண்டுக்கு நெருக்கம், அழுத்தம் எகிறிவிடும். நீங்கள் பயிற்சியில் சுடும் .22-க்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனாலும் எந்தத் துப்பாக்கியானாலும் பேரலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டே தோட்டா போடணும்.