ரேங்க் கார்டில் இருந்த கையெழுத்து

கேள்வி: எனக்கு மூன்று வயதானபோது அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். ஆலயத்தில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது. இயேசுவிடம் ஜெபிக்க முடிகிறது; பிதா என்றால் எந்த முகமும் மனதில் வருவதில்லை. ரேங்க் கார்டில்கூட அப்பாவின் கையெழுத்து இருந்ததில்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்த தாய்மாமாதான் போடுவார். வெடித்த விரல்கள் பட்டுக் கார்டில் கறை படியும். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். போய்ப் பார்த்து இரண்டு வருடமாகிறது. கடவுளை நான் எப்படி அப்பா என்று அழைப்பது?
– வாசகி, காட்பாடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதே வேதனையோடு எனக்குப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ‘திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன்’ என்னும் 68-ஆம் சங்கீத வசனத்தை உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். நான் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. உங்கள் தகப்பனார் செய்தது பாவம். அதற்கும் சமாதானம் சொல்லமாட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தக் கறையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவார்கள். அந்த நீரில் நாளெல்லாம் புழங்கிய கை வெடித்துப் புண்ணாகியிருக்கும். பேனா பிடித்தாலே எரியும். அப்படிப்பட்ட கையோடு வேலை முடிந்து வந்த ஒருவர், ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் உங்களுக்காகத் தம் பெயரை எழுதியிருக்கிறார். நீங்களோ, உங்களுக்குத் தகப்பன் இல்லை என்பதற்கு அத்தாட்சியாக அதே கையெழுத்தை எனக்குக் காட்டுகிறீர்கள். இது நன்றிகேடு, சகோதரி. இதை இதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுமியாக இருந்தபோது வெட்கப்பட்டதை மன்னிக்கலாம். காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு இரண்டு வருடமாகப் பஸ் ஏறாததை எப்படி மன்னிப்பது? காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்வதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் ஒதுங்கியிருந்தால் நீங்கள் என்னவாகியிருப்பீர்கள்?

ரோமர் 8:15-இல் பவுல், ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடப்பண்ணுகிற ஆவியைப் ‘புத்திரசுவிகாரத்தின் ஆவி’ என்கிறார். தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதே சுவிகாரம். ஆகவே, நல்ல தகப்பனோடு வளர்ந்தவர்கள் உட்பட, ஆலயத்தில் உங்கள் பக்கத்தில் நின்று அந்த ஜெபத்தைச் சொல்கிற எவரும் பிறப்புரிமையால் அவரைப் பிதா என்று அழைப்பதில்லை. இயேசுவுக்குப் பெயரிட்டவரும் அவரைப் பெறாத யோசேப்புதான். நாசரேத்தூரார் அவரைத் ‘தச்சனுடைய குமாரன்’ என்றே அறிந்திருந்தார்கள். சுவிகாரம் எப்படியிருக்கும் என்பதைப் பள்ளி நாள்களிலேயே கண்ட நீங்கள், விட்டுப் போனவருடைய முகத்தையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராணிப்பேட்டைக்குப் புறப்படுங்கள். பழத்தைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பாதீர்கள், இரவு தங்குங்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் உங்கள் அத்தை அந்த ஓர் இரவாவது தூங்கட்டும். அந்தக் கைகளை வெந்நீரில் துடைத்துவிடுங்கள். கட்டிலருகே உட்கார்ந்து கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்குங்கள். ‘எங்கள் பிதாவே’ என்றுதான் அதில் அழைக்கிறோம். அவரால் வாய் திறந்து சொல்ல முடியாவிட்டால், அவருக்கும் சேர்த்து நீங்கள் சொல்லுங்கள்.