என்ன டீச்சர், யாரு துரத்துறா?

கேள்வி: எனக்கு வயது 41. மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். அன்றிலிருந்து காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். தினமும் மூன்று சுற்று. இப்போது ஓட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் நாலு எட்டு ஓடுவதற்குள் எதிரே யாராவது வந்தால் நின்று, போனைப் பார்ப்பதுபோல நடிக்கிறேன். உடம்பு கொஞ்சம் பருமன்; ஓடினால் எல்லாம் குலுங்குகிறது. என் மாணவர்கள் பார்த்துவிட்டால் வகுப்பில் எப்படி நிற்பது என்று பயம். போன மாதம் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "என்ன டீச்சர், யாரு துரத்துறா?" என்று கேட்டுச் சிரித்தார். அதோடு பத்து நாள் நடக்கக்கூடப் போகவில்லை. மாமியார் வேறு, "ரெண்டு பிள்ளை பெத்தவ ஓடுனா கர்ப்பப்பை இறங்கிப்போகும்" என்கிறார். பேசாமல் வீட்டு மாடியிலேயே ஓடிக்கொள்ளலாமா? இல்லை, எனக்கெல்லாம் ஓட்டம் சரிவராதா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: போனைப் பார்ப்பதுபோல நடிப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை, டீச்சர். நான் செய்ததைக் கேளுங்கள்.

எனக்கு ஓடும் ஆசை வந்தது 46 வயதில். ஓடுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று தோளில் ஒரு கைப்பையை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். நாலாவது நாள், நிஜமாகவே ஒரு டவுன் பஸ் எனக்காக நின்றுவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பாவப்பட்டு நிறுத்தியிருக்கிறார். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "மெதுவா வாங்கம்மா, மெதுவா" என்கிறார். ஜன்னல் முழுக்கத் தலைகள். என்ன சொல்லித் திரும்புவது? ஏறிவிட்டேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அதனால் காசாவது மிச்சம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே நடந்து வீடு சேர்ந்தேன். மறுநாள் பையை வீட்டில் வைத்துவிட்டேன்.

அதனால், "உங்களை யாரும் பார்க்கவே மாட்டார்கள், தைரியமாக ஓடுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் நம் தெருக்களில் நடந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் தாமஸ் கிலோவிச்சும் அவர் சகாக்களும் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதில் அதைப் போட்டுக்கொண்டு போவது மானக்கேடு. 'இந்த அறையில் எத்தனை பேர் என் பனியனில் இருப்பது யாரென்று கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டால், போட்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர். ஆக, நம் மனசு போடும் கணக்கில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் நீங்கள் கணக்கு டீச்சர், மீதி கால் பங்கு எங்கே போகும் என்று கேட்பீர்கள். அந்தக் கால் பங்கு நிஜம்தான். வாசல் தெளிக்கிறவர், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவர், பால் பாக்கெட் போடுகிற பையன் எல்லோரும் பார்ப்பார்கள். தெருவில் புதிதாக ஒரு பூனை போனாலும் அவர்கள் பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பார்வையில் ஒரு தீர்ப்பும் கிடையாது, புதுசு என்பதுதான் சங்கதி.

அந்தப் புதுசைச் சீக்கிரம் பழசாக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் இன்றைக்கு ஒரு தெரு, நாளைக்கு ஒரு தெரு, ஒரு நாள் ஐந்து மணி, மறுநாள் ஆறரை என்று மாற்றி மாற்றிப் போவார்கள். அப்படிப் போனால் தினமும் புதிய கூட்டத்துக்குப் புதிய செய்தியாகத்தான் இருப்பீர்கள். ஒரே இடம், ஒரே நேரம் என்று போங்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில் டீக்கடை பெஞ்சு தலை தூக்குவதை நிறுத்தியது. உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். ஆறு நாள் சாப்பிடாதவர் இலையைப் பார்த்த மாதிரி, கூச்சம் வந்ததும் கால் பறக்கும். பார்க்கிறார்களே, இந்த இடத்தைக் கடந்துவிடுவோம் என்று ஒரு அவசரம். ஓடினால் பி.டி. உஷா மாதிரி ஓட வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பார்கள் என்று இன்னொரு அவசரம். ஒரு நிமிஷத்தில் வாய் பிளந்து, மூச்சு இரைத்து, விலா பிடித்துக்கொள்ளும். அதுவரை பார்க்காமல் போன ஆள்கூட அப்போது, "என்னம்மா ஆச்சு?" என்று திரும்புவார். உடனே கூச்சம் இன்னும் கூடும். அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடுவீர்கள். கடைசியில், எனக்கெல்லாம் ஓட்டம் சரிவராது என்று தீர்ப்பும் எழுதிவிடுவீர்கள். அந்தக் கடைக்காரர் கேட்டாரே, யாரு துரத்துறா என்று, அவர் கண்ணுக்கு ஏதோ துரத்துகிற மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. மனுஷன் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

எவ்வளவு மெதுவாக ஓடுவது? ஓடிக்கொண்டே பதிமூன்றாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் முழுசாகச் சொல்ல முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். இரு பதிமூன்று இருபத்தாறுக்கே மூச்சு முட்டினால் குறையுங்கள். முதல் வாரங்களில் இந்த வேகம் நடையை ஒட்டித்தான் இருக்கும், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வீசி நடந்து உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். என்னைத் தாண்டிப் போனவர் கையில் குடையும் வைத்திருந்தார்.

முழு நேரமும் ஓடவும் வேண்டாம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், சோபாவை விட்டு எழுந்திருக்காதவர்களை ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைப்பதற்காக ஒரு திட்டம் போட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் புதிதாக ஓடுகிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் ரொம்பச் சின்னது: 5 நிமிஷம் விறுவிறு நடை, அப்புறம் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படியே மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு, அன்றைக்கு வழக்கம்போல நடந்துகொள்ளுங்கள். உடம்பைவிட உங்கள் கூச்சத்துக்கு இது நல்ல மருந்து. இப்போது நீங்கள் நிற்பது ஆள் வந்ததால். இனி நிற்பது 60 விநாடி முடிந்ததால். ஆறு மாதமோ ஒரு வருஷமோ நடந்த கால்கள் உங்களுடையவை, முதல் வாரம் சுலபமாகவே போகும். கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள், பள்ளிக்கூடத்தில்தான் ஃபெயில் எல்லாம். தெப்பக்குளம் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 300 மீட்டர். ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர் வரும், நாலு சுற்றுக்குச் சற்றே கூட வந்தால் உங்கள் 5 கிலோமீட்டர் முடிந்தது.

கணக்கு என்றதும் இன்னொன்று. நீங்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள்? கூட்டம் போகிற திசையிலேயே ஓடுங்கள். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர், நீங்கள் 7 என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்திசையில் ஓடினால் மணிக்கு 12 கிலோமீட்டர் கணக்கில் முகங்கள் உங்களை நோக்கி வரும். அவர்கள் திசையிலேயே ஓடினால் மணிக்கு 2 கணக்கில் முதுகுகள் வரும். சந்திப்புகள் ஆறில் ஒன்றாகக் குறைந்துவிட்டன, அதுவும் முதுகு. குளத்தை விட்டு ரோட்டில் ஓடுகிற அன்றைக்கு மட்டும் இதை மறந்துவிட்டு, வண்டிகள் எதிரே வருவது தெரிகிற மாதிரி வலது ஓரமாகப் போங்கள்.

குலுங்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். இதற்குத் தன்னம்பிக்கை உரை வேண்டாம், நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும். ஷூவுக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் வீடுகளில் இதற்குக் காசு எடுக்கத் தயங்குகிறார்கள். கடையில் போட்டுப் பார்த்து, அங்கேயே நாலு குதி குதித்துப் பார்த்து வாங்குங்கள். மேலே முட்டிவரை வரும் காட்டன் குர்தி, கீழே ட்ராக் பேன்ட், துப்பட்டா வீட்டில். சாம்பல் நிறம் வேண்டாம், வியர்வை பளிச்சென்று படம் வரைந்து காட்டும். கறுப்பும் அடர் நீலமும் காட்டிக்கொடுக்காது. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று உப்பியிருக்கும், விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள்.

இனி உங்கள் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இதே பேச்சைக் கோட்டு சூட்டு போட்டவர்களும் பேசியிருக்கிறார்கள். 1966-ல் பாபி கிப் என்ற பெண், பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்தார். பெண்களின் உடம்பு அவ்வளவு தூரம் ஓடத் தாங்காது என்று போட்டி நடத்தியவர்கள் பதில் போட்டார்கள். கிப் என்ன செய்தார் தெரியுமா? அண்ணன் தம்பி யாருடையதோ ஒரு அரை டிரவுசரைப் போட்டு, தலையை மூடும் சட்டையை மாட்டிக்கொண்டு, ஓட்டம் துவங்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்தார். பாதிக் கூட்டம் போனதும் வெளியே வந்து கலந்துகொண்டார். உங்கள் போன், என் கைப்பை, அவர் புதர். கொஞ்ச தூரத்திலேயே பின்னால் வந்த ஆண்கள் பெண் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தலைச்சட்டையைக் கழற்றினால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்று அவர் பயந்தபோது, நாங்கள் விடமாட்டோம் என்றார்கள். கழற்றினார். சுமார் 3 மணி 21 நிமிஷத்தில் 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். அந்தப் போட்டி பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள 1972 ஆனது. மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், கேட்பார் என்று உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் அவர் சொன்னதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு ஓடும்போதோ, தும்மும்போதோ சிறுநீர் கொஞ்சம் கசியும். வெளியில் ஓடப் பயப்படுவதற்கு இதுவே நிஜக் காரணமாக இருக்கும், ஆனால் 'கூச்சம்' என்று வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் இடுப்புக்கு அடியில் உள்ள தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார், நிறையப் பேருக்கு நன்றாகவே கேட்கும். அடியில் ஏதோ இறங்குவதுபோல பாரம் தெரிந்தால் ஓடுவதற்கு முன் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாதவருக்கு, மெல்ல ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரிடமும் ஓடப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அதோடு சரி, நேரே டாக்டரிடம்.

மாடி வேண்டாம். பத்தடிக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பி முட்டி வலிக்கும், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கூச்சமும் மாடிப்படியிலேயே உங்களுக்காகக் காத்திருக்கும்.

மாணவர்கள் பார்ப்பார்கள். வகுப்பில் இரண்டு நாள் பேசுவார்கள், யாராவது ஒருவன் நடித்தும் காட்டுவான். மூன்றாம் நாள் யூனிட் டெஸ்ட் வரும்.

ஒன்றை மட்டும் இந்தக் கூச்சக் கணக்கில் சேர்க்காதீர்கள். யாராவது பைக்கில் பின்னாலேயே வந்தால், வழி மறித்தால், கண்டதைப் பேசினால், அது நீங்கள் பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. ஆட்கள் இருக்கிற பக்கம் போய் நின்று 112-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ அடியுங்கள். வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள், இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று மெதுவாக நடந்து விலகுங்கள். யாரு துரத்துறா என்ற கேள்விக்கு அன்றைக்கு மட்டும் நேரடியான பதில் இருக்கும்.

மற்ற நாட்களுக்கு ஒரு பதிலை இப்போதே தயார் செய்து வையுங்கள். அந்தக் கடைக்காரர் தெரிந்தவர், டீச்சர் என்று கூப்பிடுகிறவர், கேலிக்காக மட்டும் கேட்டிருக்க மாட்டார். அடுத்த தடவை கேட்டால், "சுகர் துரத்துதுண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருங்கள். நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் மதிப்பே தனி. அவரும் நாற்பதைத் தாண்டியவராக இருந்தால், "எனக்கு வெறும் வயித்துல 160 டீச்சர், மாத்திரை போட்டும் இறங்க மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பார். நின்று கேட்காதீர்கள். அடுத்த சுற்றில், 90 விநாடி நடை வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.