ஷாஃப்ட், பட்டை, கிராங்க்: முறிவது பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

பல வருடம் ஹீட் ட்ரீட்மென்ட் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முறிந்த துண்டோடு வந்தவர்களும் எழுதிக் கேட்டவர்களும் கேட்டவை இவை.

முட்டம், விசைப்படகு உரிமையாளர்: அண்ணாச்சி, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போட்டு ரெண்டு வருசம்தான் ஆகுது. பாறையில் தட்டவில்லை, வலையும் சுற்றவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோதே கீ வெட்டுப் பக்கம் (ப்ரொப்பல்லரைப் பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) முறிந்துவிட்டது. இரும்பு மட்டமா?

இரும்பைக் குறை சொல்ல வேண்டாம். முறிந்த முகத்தைப் பார்த்தேன். அலை வடிந்த மணலில் தெரியுமே, அந்த மாதிரி வளைவு வளைவாக வரிகள். கீ வெட்டின் மூலையில் மயிரிழை வெடிப்பாகத் தொடங்கி, தினமும் கொஞ்சம் உள்ளே போய், மிச்ச இரும்பு தாங்காமல் போன அன்று முறிந்திருக்கிறது. இதுதான் உலோகச் சோர்வு. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் மணிக்கு 36,000. 28 மணி நேர ஓட்டத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் (லைன்) நிற்காமல் கொஞ்சம் விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டின் தோல் ஒரு தடவை இழுபடும், ஒரு தடவை அமுங்கும். வளைந்தாலும் முறுக்கினாலும் அதிகப் பாடு படுவது மேல்தோல்தான்.

அப்புறம் கடல் தண்ணீர். சாதாரண எஃகுக்குக் காற்றில் ஒரு எல்லை உண்டு. சுமை அதற்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி சுற்று ஓடினாலும் முறியாது. உப்புத் தண்ணீரில் அந்த எல்லையே இல்லாமல் போகிறது. துரு தின்ற ஒவ்வொரு குழியும் வெடிப்புக்கு ஒரு வாசல். ஸ்டெயின்லெஸ் என்றாலும், தண்ணீர் தேங்கி நிற்கும் பேரிங்குக்குள் குழி விழும்.

புது ஷாஃப்டில் கீ வெட்டின் மூலையைக் கூராக விடாமல் உருட்டி வெட்டச் சொல்லுங்கள். டூல் வரி (லேத் கத்தி விட்ட கோடு) தெரியாதபடி எமரி போட வேண்டும், அதுவும் கடைசித் தேய்ப்பு நீளவாக்கில். தடைக்காலத்தில், உங்கள் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, படகு சும்மாதானே நிற்கிறது? ஷாஃப்டைக் கழற்றி, வெடிப்பு பார்க்கும் சிவப்பு மை தடவுங்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பும். செலவு கொஞ்சம்தான். நடுக்கடலில் ஆட்களோடு படகு நிற்பதை நினைத்தால் இதைத் தள்ளிப்போட மனசு வராது.

மார்த்தாண்டம், லாரி ஓட்டுநர்: ஷாட் பீனிங் செய்த ஸ்பிரிங் பட்டை நாள்பட உழைக்கும் என்கிறார்களே, அது என்ன? முறிந்த பட்டையை வெல்டிங் வைக்கலாமா?

சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாகப் பட்டைமேல் வாரி அடிப்பார்கள். ஒவ்வொரு குண்டும் தோலைக் கொஞ்சம் விரிக்கப் பார்க்கும். அடியில் இருக்கும் உலோகம் விடாது. அதனால் தோல் எப்போதும் அமுங்கிய நிலையிலேயே நிற்கும். பாரம் ஏறும்போது முதலில் அந்த அமுக்கம் கரைய வேண்டும், அதன் பிறகுதான் இழுப்பு. வெடிப்புக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. இத்தனைக்கும் அந்த அடுக்கின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. லாரிப் பட்டையில் பாரத்தால் இழுபடுவது உள்வளைந்த மேல்பக்கம், அதனால் அங்கேதான் முக்கியமாக அடிப்பார்கள்.

அதே பட்டையை உலையில் பழுக்கவைத்து வளைவு ஏற்றினால் இந்த அமுக்கம் முழுக்கப் போய்விடும். வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும், அதுவும் பாரத்தோடு இறக்கத்தில்.

தக்கலை, மெக்கானிக்: நைட்ரைடிங் செய்த கிராங்க் (இன்ஜினின் சுழல்தண்டு). ரீகிரைண்ட் செய்து (தேய்ந்த இடத்தைக் கல்லில் சீவி) போட்ட பிறகு சீக்கிரமே முறிந்துவிட்டது. ஏன்?

அம்மோனியா வாயுவில் 500 டிகிரிக்குச் சற்று மேலே பல மணி நேரம் வைத்து, நைட்ரஜனைத் தோலுக்குள் ஏற்றுவதுதான் நைட்ரைடிங். கடினமும் அமுக்கமும் சேர்ந்தே கிடைக்கும், ஆனால் அடுக்கு மெல்லிசு. ரீகிரைண்டில் ஒரு சைஸுக்கு விட்டத்தில் 0.25 மி.மீ. குறைத்தால் பக்கத்துக்கு 0.125 போகிறது. இரண்டாவது, மூன்றாவது சைஸுக்குப் போனால் நல்ல தோலில் பெரும்பகுதியைக் கிரைண்டிங் கல்லே தின்றிருக்கும். அதைவிட ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி) ஓரத்து வளைவைப் பாருங்கள். அதைக் கல் கூராக்கியிருந்தால் முறிவு அங்கேதான் தொடங்கியிருக்கும்.

ஆரல்வாய்மொழி, பொறியியல் மாணவர்: சார், காற்றாலை கியர் பல்லுக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதேதான் தம்பி, வழி வேறு. 900 டிகிரிக்கு மேலே கார்பன் ஏற்றி, எண்ணெயில் குளிர்விப்பார்கள். தோல் கடினமாகும்போது கொஞ்சம் பருக்கப் பார்க்கும். உள்பாகம் பிடித்து நிறுத்துவதால் தோலில் அமுக்கம் நிற்கும். கடைசியில் அவசரமாகக் கிரைண்டிங் செய்து சூடேற்றிவிட்டால் அமுக்கம் இழுப்பாக மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆசிட் தடவினால் கருகிய இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

குளச்சல், படகு மெக்கானிக்: ஹார்ட் குரோம் (கடினமான குரோமியப் பூச்சு) பூசினால் ஷாஃப்டுக்குப் பலம் கூடுமா அண்ணே?

தேய்மானத்துக்கு நல்லது. சோர்வுக்கு நேர்மாறு. குரோம் அடுக்கு இழுப்போடும் நுண்ணிய வெடிப்புகளோடும்தான் உட்காரும். கட்டாயம் பூசத்தான் வேண்டுமென்றால், முன்னால் ஷாட் பீனிங் செய்யச் சொல்லுங்கள். வலுவான எஃகாக இருந்தால், பூசிய கையோடு 190 டிகிரி அளவில் பல மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். உள்ளே புகுந்த ஹைட்ரஜன் வெளியேறாவிட்டால் எஃகு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். பூசித் தரும் கடையில் இந்த அடுப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.