சோலாருக்காக வேப்பமரத்தை வெட்ட வேண்டுமா?

கேள்வி: பணகுடியில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட இருக்கிறோம். வீட்டுக்கு மேற்கே தாத்தா வைத்த வேப்பமரம் நிற்கிறது. நிழல் விழும், அதை வெட்டினால்தான் வேலை ஆரம்பிப்பேன் என்கிறார் ஏஜென்ட். ஒரு சோலார் 200 மரத்துக்குச் சமம், பூமிக்கு நல்லதுதான் என்றும் சொல்கிறார். வெட்டலாமா ஐயா?

பதில்: வெட்டாதீர்கள்.

200 மரக் கணக்கு பொய்யில்லை. 3 கிலோவாட் பேனல் நம் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். அதே 12 யூனிட்டை நிலக்கரி எரித்து எடுத்தால் ஏறத்தாழ 12 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். ஆண்டுக்கு 4 டன்னுக்கு மேல். ஒரு மரம் வருடம் முழுக்க இழுப்பது சுமார் 20 கிலோதான். அனல்மின் நிலையங்களில் எரிகிற நிலக்கரியே, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகொடிகள் வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்த கரிதான். அதை நாம் சில தலைமுறையில் புகையாக்கி வருகிறோம். அதனால் சோலார் அவசியம் போடுங்கள்.

ஆனால் மரத்துக்கு வேறு வேலையும் உண்டு. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம் தரும் அளவு வெப்பம் செலவாகும். அவ்வளவு வெப்பம் உங்கள் சுவரில் ஏறாமல் போகிறது. பேனல் இதைச் செய்யாது. மேற்கு வெயிலைத் தடுக்கும் மரத்தை வெட்டிவிட்டு ஏ.சி. வாங்கினால், மாடியில் விளைந்த மின்சாரத்தை அதுவே தின்றுவிடும்.

நிழலைப் பற்றிய பயமும் பாதிதான் சரி. காலை 9 முதல் பிற்பகல் 3 வரை வருவதுதான் பெரும்பங்கு மின்சாரம். மேற்கு மரத்தின் நிழல் மாடிக்கு ஏறுவது சாயங்காலம்தான். பேனலைக் கிழக்கு ஓரமாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், போதும்.

மரம் தெற்கே, வீட்டை ஒட்டி நின்றால் மட்டும் கதை வேறு. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்கு மரத்தால் தொல்லையே இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாக இறங்கிவிடும். மாடியைவிட 10 அடி உயர்ந்த மரம் நடுப்பகலில்கூட 6 அடிக்கு நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். பேனல்கள் வரிசையாக இணைந்தவை. மடையில் ஓரிடத்தை அடைத்தால் கடைசி வயல் காய்வதுபோல, ஒரு பேனலில் விழும் நிழல் முழு வரிசையையும் இழுத்துவிடும். அப்போதும் கிளையைக் கழித்தால் போதும். முடியாவிட்டால் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு கருவியான மைக்ரோ இன்வெர்ட்டரைப் பேனலுக்குப் பேனல் தனித்தனியாகப் போடலாம், நிழல் விழுந்த பேனல் மற்றதை இழுக்காது. செலவு கூடும், ஆனால் மரம் பிழைக்கும்.

ஏஜென்ட் விஷயத்தில் ஜாக்கிரதை. மரம் வாங்க ஆளையும் அவரே கூட்டி வருகிறாரா என்று பாருங்கள். தடிக்கு ஒரு கமிஷன், பேனலுக்கு ஒரு கமிஷன் என்று இரண்டு பக்கமும் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மானியத்தை வாங்கித் தருகிறேன், அதற்கு முன்பணம் கொடுங்கள் என்றால் கதவைச் சாத்துங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வேலை முடிந்து சரிபார்த்த பிறகு அது நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இந்தியாவில் தயாரான பேனலுக்குத்தான் மானியம் என்பதால் பில்லில் அதை எழுதி வாங்குங்கள். ஆனி, ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி ஸ்டாண்டைக் கான்கிரீட்டோடு சேர்த்து போல்ட் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். வாரிசுச் சான்று, வரி ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அலையவிடுவார்கள். பேனல் ஒரு நாளில் ஏறிவிடுகிறது, சோலார் மின்சாரத்தையும் கணக்கெடுக்கும் மீட்டராக மாற்ற மட்டும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு சோலார் என்று விளம்பரம் செய்கிற அரசு முதலில் இதைச் சரிசெய்யட்டும்.

மாடியில் காலை 9, பகல் 12, பிற்பகல் 3 மணிக்கு நிழல் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுங்கள். ஏஜென்ட் வந்ததும் அந்தப் படத்தைக் காட்டி, பேனலை எங்கே வைப்பது என்று பேசுங்கள்.