ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடூரல் குழாய் வைத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சலும் முதுகுவலியும் வந்தன. படுத்தே இருப்பதால்தான் என்றார்கள். அன்று மாலை குழாயை எடுத்தபோது அந்த இடம் சிவந்து சீழ் கசிந்தது. இரண்டு நாள் கழித்து, கால்கள் மரத்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தண்டுவடத்தை அழுத்தியபடி சீழ்க்கட்டி இருந்தது. அதை அகற்றியும் அப்பாவால் நடக்க முடியவில்லை. ‘இது வரக்கூடிய சிக்கல்தான், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்கிறது மருத்துவமனை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் தொற்று வந்ததையே குற்றமாக வைத்துத் தொடங்காதீர்கள். முகக்கவசம், கிருமி நீக்கிய கையுறை, தோலைத் துடைக்கும் மருந்து என்று எல்லாம் சரியாக இருந்தும் அரிதாக இந்தத் தொற்று வரும். சர்க்கரை நோய் இருந்தாலோ குழாய் பல நாள் இருந்தாலோ ஆபத்து கூடும். குழாய் வைத்த நேரத்தில் என்ன தவறு நடந்தது என்று நிரூபிப்பதும் சிரமம்.

உங்கள் வழக்கு நிற்பது அந்த இரண்டு நாளில். எபிடூரல் வைத்தவருக்குக் காய்ச்சல், முதுகுவலி, குழாய் இருந்த இடத்தில் சீழ் மூன்றும் சேர்ந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கக் கால் பலவீனமாகும்வரை காத்திருக்கக் கூடாது. ‘கால் மரத்தது எபிடூரல் குழாய் வழியே கொடுத்த வலி மருந்தால்தான் என்று நினைத்தோம்’ என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். குழாயை எடுத்துவிட்டால் அந்த மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வந்த மரப்புக்கு அது காரணமாகாது.

கையெழுத்து, சொல்லப்பட்ட ஆபத்துக்கான சம்மதம் மட்டுமே. கவனக்குறைவுக்கு யாரும் முன்கூட்டி சம்மதம் தருவதில்லை.

‘முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துச் சீழ்க்கட்டியை அகற்றியிருந்தாலும் இதே கதிதான்’ என்ற வாதம்தான் கடினமானது. அகற்றும் நேரத்தில் காலில் எவ்வளவு பலம் மிச்சமிருந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் நடை திரும்புகிறது. அதனால் சீழ் கசிந்த அன்று அப்பா எழுந்து நடந்தாரா என்பது முக்கியம். நடந்தார் என்றால் பார்த்தவர்கள் இன்றே தேதியோடு எழுதி வைக்கட்டும். அன்று எடுத்த படமோ, உறவினருக்கு அனுப்பிய செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள்.

அப்புறம், முழு மருத்துவப் பதிவையும் எழுத்து மூலம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது. செவிலியர் குறிப்புகள், காய்ச்சல் சார்ட், கால் பலத்தைச் சோதித்த பதிவு, சீழ்ப் பரிசோதனை முடிவு, எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக்கொடுத்த நேரம் எல்லாம் வேண்டும். அவற்றை அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத மயக்கவியல் நிபுணரும் நரம்பியல் அறுவை நிபுணரும் படிக்க வேண்டும். வழக்குப் போடும் காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அப்பா குணமாகட்டும் என்று காத்திருக்காமல், பதிவுகள் கைக்கு வந்ததுமே உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள்.