டேப் ஒட்டவேண்டிய இடம் வேறு

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். ஊர்த் திருவிழாவில் அவனுடைய தாத்தா ஒரு பியானோ பொம்மை வாங்கிக் கொடுத்தார். அட்டையில் ‘3 வயதுக்கு மேல்’ என்று இருப்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். இதனால் காது மந்தமாகும், பேச்சு வராது, ஆட்டிசம் வரும் என்றெல்லாம் இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அவன் ‘அம்மா’, ‘தாத்தா’ மட்டும்தான் சொல்கிறான். போன வாரம் வட்டப் பேட்டரியை மாற்றினோம். மூடியின் ஸ்குரு தொலைந்ததால் டேப் ஒட்டியிருக்கிறோம். என் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா டாக்டர்?

பதில்: இல்லையம்மா. 14 மாதத்தில் இரண்டு சொல் சொல்கிற பையனுக்குப் பேச்சில் குறை எதுவும் இல்லை. பொம்மையால் ஆட்டிசம் வராது. இரவு 2 மணிக்குக் கைபேசியில் நோய் தேடுவதை முதலில் நிறுத்துங்கள்.

அந்த ‘3 வயது’ உங்கள் பிள்ளையின் அறிவுக்குப் போட்ட அளவுகோல் அல்ல. ‘என் பேரன் கெட்டிக்காரன், அவனுக்கு வயது பார்க்க வேண்டாம்’ என்கிற தாத்தாக்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைதான் மூடியைச் சீக்கிரம் திறக்கும்! கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற வயதில் கழன்று வரும் சிறு பாகங்கள் ஆகாது என்பதற்காகத்தான் அந்த எச்சரிக்கை.

நீங்கள் பயப்பட வேண்டிய வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த டேப்பைத்தான் சொல்கிறேன். பல்லும் நகமும் முளைத்த பிள்ளைக்கு அதை உரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பொம்மைகளில் காணப்படும் 2032 என்ற எண்ணுள்ள பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அது போதும். எச்சில் பட்டதும் மின்சாரம் ஓடி, பேட்டரியின் எதிர்மின்முனை (மைனஸ்) பக்கம் தசையை அரிக்கும் காரம் உண்டாகிறது. பச்சைக் கோழிக்கறித் துண்டின்மேல் இந்தப் பேட்டரியை வைத்து மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு. வகுப்பு முடிவதற்குள் கறி கறுத்து நுரைத்திருக்கும். தொண்டையிலும் அதுதான் நடக்கும். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் உண்டாகலாம். மூச்சுக்குழாய்வரை, பெரிய ரத்தக்குழாய்வரை அரித்துக்கொண்டு போகலாம். பொம்மையை ஓட்டச் சக்தி இல்லாத பழைய பேட்டரிக்கும் தசையைப் பொசுக்கும் சக்தி மிச்சம் இருக்கும்.

விழுங்கியதைப் பிள்ளை சொல்லாது. திடீரென்று எச்சில் ஒழுகும், சோற்றைத் துப்பும், இருமும். சில பிள்ளைகளிடம் எந்த அறிகுறியும் தெரியாது. சளி என்று நினைத்து வீட்டிலிருக்கும் பழைய சிரப்பை ஊற்றுவார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். பேட்டரி ஒன்று கணக்கில் குறைகிறது, பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எக்ஸ்ரேயில் அது நாணயம்போலவே தெரியலாம் என்பதால், வாசலிலேயே ‘பேட்டரியாக இருக்கலாம்’ என்று சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம் கொடுத்தால் காலையில் தானாக வந்துவிடும் என்ற பாட்டி வைத்தியம் நாணயத்தோடு போகட்டும். கையில் தேன் இருந்து, விழுங்கி 12 மணி நேரம் தாண்டாமல் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடாது. தேன் வாங்கக் கடை தேடி நிற்கவும் கூடாது. வேறு எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்.

காது பற்றிக் கேட்டீர்கள். பொம்மையைக் காதோடு ஒட்டிப் பிடிப்பதுதான் கெடுதல். தள்ளி வைத்து விளையாடட்டும். சத்தம் அதிகமென்றால் பாட்டு வரும் துளைகள்மேல் ஒட்டுங்கள் உங்கள் டேப்பை. பேச்சு விஷயத்தில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: 10 முதல் 16 மாதக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான சிறு ஆய்வில், இத்தகைய பொம்மை பாடும்போது பெற்றோர் பேசும் சொற்கள் குறைந்திருந்தன. பொம்மை ‘ஏ, பி, சி’ பாடட்டும், கூடவே நீங்களும் பேசுங்கள்.

திருவிழாக் கடைப் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் அது கட்டாயம். ஸ்குரு போட்டு மூடும்வரை பொம்மை பீரோவின் மேலே இருக்கட்டும்.

போன வாரம் கழற்றிய பழைய பேட்டரியை எங்கே போட்டீர்கள் என்று எழுதவில்லை. இதைப் படித்ததும் எழுந்துபோய்த் தேடுங்கள்.